கருவி கைமாறிய கதை: அமேசான் காட்டு ஆவணப்படங்களின் வரலாறு

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், தெய்வம், உணவு, விலங்கு, பறவை, மரம், பறை, தொழில் முதலியன கருப்பொருள் என்றும், அந்நிலத்து மக்களின் ஒழுக்கம் உரிப்பொருள் என்றும் தமிழ் இலக்கணத்தார் வகுத்தனர். ஒரு நிலத்து மக்களை அறியப் புகும் எவரும் இம்மூன்றையும் அறிந்தாக வேண்டும். தென்னமெரிக்காவின் அமேசான் மழைக்காட்டுக்குள் படக்கருவியைத் தூக்கிச் சென்ற முதல் தலைமுறையினர், அறியாமலே இவ்வரிசைப்படியே பணியாற்றினர். மரத்தையும் ஆற்றையும் படம் பிடித்தனர். வேட்டையையும் விருந்தையும் பிடித்தனர். கூத்தையும் குழலையும் பிடித்தனர். கருப்பொருள் அனைத்தும் சுருள் சுருளாக நகரங்களுக்கு வந்து சேர்ந்தது. உரிப்பொருள் வந்ததா என்ற வினா ஒரு நூற்றாண்டு கழிந்தும் அக்காட்டு மக்களாலேயே எழுப்பப்படுகிறது.

இவ்வரலாற்றைத் திரைப்பட வரலாறாக மட்டும் எழுதிவிட இயலாது. படக்கருவி நுழைந்த அதே ஆற்று வழிகளில்தான் மூலிகை தேடுவோரும் நுழைந்தனர். சில பயணங்களில் இருவரும் ஒரே படகில் சென்றனர். காட்டிலிருந்து ஒருவர் கொண்டு வந்தது உருவம். மற்றவர் கொண்டு வந்தது மருந்து. இரண்டையும் கொடுத்தவர் பெயர் பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. ஆதலின் இரண்டு வரலாறுகளையும் ஒருங்கு வைத்துக் காண்பதே முறையாகும்.

தந்திக் கம்பியும் இரப்பர்ப் பாலும்

பிரேசில் நாட்டின் மாட்டோ குரோசோ பகுதியிலிருந்து அமேசான் பகுதிவரை தந்திக் கம்பி அமைக்கும் பணி 1907 ஆம் ஆண்டு தொடங்கி 1915 வரை நடைபெற்றது. அப்பணிக்குத் தலைமையேற்ற இராணுவப் பொறியாளர் கான்டிடோ ரோண்டோன், தாய்வழியில் தொல்குடி மரபினர். எதிர்ப்படும் தொல்குடியினர் அம்பெய்தாலும் திருப்பிச் சுடலாகாது. சாக நேரினும் கொல்லலாகாது என்பது அவர் தம் படையினர்க்கு இட்ட ஆணை. 1910-இல் நிறுவப்பெற்ற தொல்குடிப் பாதுகாப்புப் பணியகத்தின் முதல் தலைவரும் அவரே. 1912-இல் அவருடைய ஆணையத்தில் ஒளிப்படத்துக்கும் திரைப்படத்துக்கும் தனிப் பிரிவு ஒன்று ஏற்பட்டது. லூயிஸ் தோமாஸ் ரெய்ஸ் என்னும் படை அதிகாரி அதன் பொறுப்பை ஏற்றார்.

ரெய்ஸ் எடுத்த படங்களுள் புகழ்பெற்றது போரோரோ மக்களின் சடங்குகளையும் விழாக்களையும் காட்டும் 1917 ஆம் ஆண்டுப் படமாகும். போரோரோக்கள் மழைக்காட்டின் தென்விளிம்பில் வாழ்பவர்கள். மீன்பிடிப்பில் தொடங்கி இறந்தோர்க்குச் செய்யும் நீண்ட ஈமச் சடங்கில் அப்படம் முடிகிறது. இனவரைவியல் படங்களின் முன்னோடியாகப் பலரும் கூறும் ராபர்ட் ஃபிளாகர்ட்டியின் 'நானூக்' வெளிவந்தது 1922-இல். ரெய்ஸின் படம் அதற்கு ஐந்தாண்டு முந்தியது. 1935-இல் இதே போரோரோக்களின் ஈமச் சடங்கை மானிடவியலறிஞர் கிளாட் லெவி-ஸ்ட்ராஸும் அவர் துணைவியார் தினாவும் குறும்படமாக எடுத்தனர்.

ரோண்டோனின் நோக்கத்தில் பரிவு இருந்தது. ஆயினும் படம் ஓர் அரசுக்காக எடுக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது. கம்பி போகும் வழியில் வாழ்வோர் அமைதியானவர்கள், நாட்டின் குடிகளாகத் தக்கவர்கள் என்று தலைநகரத்தார்க்குக் காட்டுவதே அதன் பணி. படத்தில் உள்ளவர்கள் தம் படத்தைப் பார்ப்பர் என்ற எண்ணம் அன்று எவர்க்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

பரிவே இல்லாத நோக்கமும் அதே காலத்தில் படக்கருவியை நாடியது. பெரு, கொலம்பியா நாடுகளின் எல்லையில் ஓடும் புட்டுமாயோ ஆற்றுப் பகுதியில் ஹூலியோ அரானா என்னும் வணிகர் இரப்பர் திரட்டும் பெருநிறுவனம் நடத்தினார். விட்டோட்டோ, போரா முதலிய தொல்குடியினர் அங்கு அடிமைகளாக்கப்பட்டனர். குறித்த அளவு இரப்பர்ப் பால் கொண்டு வராதவர்கள் சவுக்கடி பட்டனர். பட்டினியாலும் சித்திரவதையாலும் பல்லாயிரவர் மாண்டனர். பிரித்தானியத் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் 1910-இல் நேரில் சென்று திரட்டிய சாட்சியங்கள் 1912-இல் வெளிவந்து உலகை உலுக்கின. பழியைத் துடைக்க விரும்பிய அரானா, போர்த்துகலில் பிறந்து அமேசானில் குடியேறிய சில்வினோ சாண்டோஸ் என்ற இளைஞரை அமர்த்தினார். பாரிசில் திரைப்படக் கலை பயின்று வந்த சாண்டோஸ், புட்டுமாயோவில் எல்லாம் நலமே என்று காட்டும் படத்தை எடுக்கலானார். அச்சுருள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் கப்பலோடு கடலில் மூழ்கின என்பர்.

சாண்டோஸ் பின்னர்ச் சிறந்த ஒளிப்பதிவாளராக மலர்ந்தார். 1922-இல் வெளிவந்த 'அமேசான்களின் நாட்டில்' என்ற படம் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. அதற்கு முன் 1918 முதல் 1920 வரை அவர் எடுத்த மற்றொரு நெடும்படம் களவு போய், ஐரோப்பாவில் வேறொருவர் பெயரில் ஓடியது. காணாமற் போனதாகக் கருதப்பட்ட அப்படம் 2023-இல் பிராகு நகரத்துத் திரைப்படக் காப்பகத்தில் அடையாளம் காணப்பட்டது. படைத்தவர் பெயர் நூறாண்டுக்குப் பின் மீண்டது. அப்படங்களில் தோன்றும் தொல்குடி மக்கள் பெயர்களோ இன்றளவும் மீளவில்லை.

மரப்பட்டையும் அம்பு நஞ்சும்

மருந்தின் வரலாறும் இதனையே கூறுகிறது. ஆண்டீஸ் மலைச்சரிவுக் காடுகளில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து 1820-இல் பிரெஞ்சு வேதியியலார் இருவர் குயினைனைப் பிரித்தெடுத்தனர். மலேரியாக் காய்ச்சலுக்கு அதுவே மருந்து. மரத்தின் மீது வல்லரசுகளின் கண் விழுந்தது. பொலிவியாவில் அய்மரா குடியைச் சேர்ந்த மானுவல் இங்க்ரா மமானி என்பவர், எந்த மரத்துப் பட்டையில் வீரியம் மிகுதி என்று பார்த்த அளவில் அறியும் திறம் உடையவர். சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வணிகருக்கு அவர் திரட்டித் தந்த விதைகள் 1865-இல் ஒல்லாந்தர் கைக்குப் போய்ச் சாவகத்தீவில் காடாக வளர்ந்தன. உலகக் குயினைன் வாணிகம் ஒல்லாந்தர் வயமாயிற்று. மமானி பின்னர்ச் சிறையில் அடைக்கப்பட்டு, அடிபட்டு இறந்தார். அம்மர வகைக்கு லெட்ஜரின் பெயர் சூட்டப்பட்டது.

இவ்வரலாற்றில் தமிழ்நிலத்துக்கும் ஓரிடம் உண்டு. 1860-இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் முயற்சியால் நீலகிரியில் சின்கோனா பயிரிடப்பட்டது. மார்க்கம் தாமே திரட்டிய நாற்றுகள் பெரும்பாலும் பட்டுப்போயின. நீலகிரியில் தழைத்தவை ஈக்வடார் நாட்டுச் செம்பட்டை மரத்தின் வழிவந்தவை. அவற்றைத் திரட்டி அனுப்பியவர் ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்ற ஆங்கிலத் தாவரவியலார். இதே ஸ்புரூஸ்தான் 1852-இல் வாவுபேஸ் ஆற்றங்கரை விழாவொன்றில் டுக்கானோ மக்கள் 'காப்பி' என்ற கொடியின் சாற்றைப் பருகி ஆடியதைக் கண்டு, அக்கொடியை முதன்முதல் அறிவியல் உலகுக்கு விரித்துரைத்தவர். கெச்சுவா மொழியில் அக்கொடி அயவாஸ்கா எனப்படும். அவர் அன்று வெட்டி அனுப்பிய தண்டுகளை 1969-இல் ஆராய்ந்தபோது, நூறாண்டு கடந்தும் அவற்றில் மருந்துச் சத்து எஞ்சியிருந்தது.

அம்பு முனையில் தடவும் கியூரரே என்ற நஞ்சும் குறிப்பிடத்தக்கது. பல செடிகொடிகளை அளவறிந்து காய்ச்சிச் செய்யும் இந்நஞ்சு, தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்துவது. குருதியிற் கலந்தால் கொல்லும். வேட்டையாடிய இறைச்சியை உண்பவர்க்கோ தீங்கில்லை. இந்நுட்பம் காட்டு மக்கள் பலநூறு ஆண்டுகளாக அறிந்த ஒன்று. ஈக்வடார் காட்டில் வாழ்ந்த ரிச்சர்ட் கில் என்ற அமெரிக்கர் 1938-இல் பெருமளவில் இதனைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். 1942 சனவரியில் மாண்ட்ரியால் நகரத்து மருத்துவர் இருவர் அறுவை மருத்துவத்தில் இதனைப் பயன்படுத்தினர். தசை தளர்த்தும் மருந்துகளின் துணையின்றி இன்றைய பேரறுவைகளை எண்ணிப் பார்ப்பதே அரிது.

மருந்து தேடும் பயணத்தில் படக்கருவி உடன் சென்றமைக்கு 1921-இல் புறப்பட்ட மல்ஃபோர்டு பயணம் சான்றாகும். பிலடெல்பியா நகரத்து மருந்து நிறுவனமொன்று பொருளுதவி செய்த அப்பயணத்துக்கு ஹென்றி ரஸ்பி என்ற முதிய மூலிகையறிஞர் தலைமை தாங்கினார். ஒளிப்பதிவாளராகக் கோர்டன் மக்ரேயா சென்றார். வடமேற்கு அமேசானில் காப்பிச் சாறு பருகும் விழாவைக் கண்ட அனுபவத்தை மக்ரேயா 1926-இல் வெளியிட்ட பயணநூலில் நகைச்சுவையோடு எழுதினார். விழா வேடிக்கையாயிற்று, கொடி சரக்காயிற்று.

இவ்வழக்கிலிருந்து விலகி நின்றவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் எவான்ஸ் ஷுல்டெஸ். 1941-இல் கியூரரேயை ஆராயக் கொலம்பியக் காட்டுக்குச் சென்ற அவர், 1953 வரை அங்கேயே பெரும்பொழுதைக் கழித்தார். இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட தாவர மாதிரிகளைத் திரட்டினார். அவர் தோளில் தொங்கிய ஒளிப்படக் கருவி பதிவு செய்த முகங்களில் அச்சமோ ஏளனமோ இல்லை. தம்மிலும் மிகுதியாக அறிந்தவர்களிடம் பாடம் கேட்க வந்த மாணவனாகவே தம்மை அவர் கருதினார்.

தவறாகப் புரிந்த சண்டை

இனவரைவியல் படக்கலை முதிர்ந்த நிலையை வெனிசுவேலாக் காட்டில் யானோமாமி மக்களிடையே எடுக்கப்பெற்ற படங்களில் காணலாம். மானிடவியலார் நெப்போலியன் சேக்னனும் படக்கலைஞர் டிமோத்தி ஆஷும் 1968, 1971 ஆகிய ஆண்டுகளில் திரட்டிய காட்சிகள் இருபதுக்கும் மேற்பட்ட படங்களாயின. அமெரிக்கக் கல்லூரிகளில் மானிடவியல் பயின்ற இரண்டு தலைமுறையினர் இவற்றைப் பார்த்தே வளர்ந்தனர்.

அவற்றுள் 'கோடரிச் சண்டை' 1975-இல் வெளிவந்தது. 1971 பிப்ரவரித் திங்களில் ஒரு பிற்பகல், ஊருக்குள் திடீரென மூண்ட கைகலப்பைக் கருவி ஓடி ஓடிப் பதிவு செய்கிறது. முதலில் வெட்டாத காட்சி அப்படியே காட்டப்படுகிறது. அடுத்து அம்புக்குறிகளோடும் உறவுமுறை வரைபடத்தோடும் விளக்கப்படுகிறது. இறுதியில் செப்பமாகத் தொகுத்த வடிவம் வருகிறது. சண்டை முடிந்தவுடன் ஆய்வாளர் தவறான ஒரு காரணத்தைக் கூறுவதும் படத்தில் பதிவாகியுள்ளது. முறைதவறிய உறவே காரணம் என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தனர். உண்மையில் விருந்தினர்க்கு வாழைக்காய் தர மறுத்த பெண் ஒருத்தியை அடித்ததில் தொடங்கிய சண்டை அது. இப்பிழையை மறைக்காமல் விட்டமை அப்படைப்பாளிகளின் நேர்மை. கண்ணெதிரே நடந்ததைக் கருவி முழுமையாகப் பிடித்தும் பொருள் விளங்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறில்லை.

1973-இல் வெளிவந்த 'மந்திரச் சாவு' என்னும் படத்தில் யானோமாமிச் சாமியாடிகள் மரப்பட்டையிலிருந்து செய்த பொடியை மூக்கு வழியே ஏற்றிக்கொண்டு, பகையூர்க் குழந்தைகளின் உயிரை மாயமாகக் கவர்கின்றனர். சாமியாட்டத்தின் கொல்லும் முகம் மட்டும் அதிற் பதிவாயிற்று. இப்படங்களைப் பார்த்த மாணவர்களிடம் பின்னாளில் நடந்த ஆய்வுகளில், யானோமாமிகளைப் பற்றிய இழிவான எண்ணம் படங்களால் குறையாமல் வலுப்பெற்றமை தெரியவந்தது. 1994-இல் மறைந்த ஆஷ், தம் இறுதி ஆண்டுகளில் இதனை எண்ணி வருந்தினார்.

அதே ஆண்டுகளில் ஆய்வுக் குழுவினர் யானோமாமிகளின் குருதியையும் மாதிரிகளாக எடுத்துச் சென்றனர். 1967, 1968 ஆண்டுகளில் அப்பகுதியில் தட்டம்மை பரவிப் பலர் மாண்டனர். தடுப்பூசியே நோயைப் பரப்பியது என்று 2000 ஆம் ஆண்டில் எழுந்த குற்றச்சாட்டு ஆதாரமற்றது எனப் பின்னர் நிறுவப்பட்டது. ஆனால் குருதி பற்றிய வினா அப்படியே நின்றது. இறந்தவரின் உடைமை எதனையும் எஞ்சவிடாமல் அழித்தல் யானோமாமி மரபு. இறந்தவர் பெயரையும் சொல்வதில்லை. தம் முன்னோர் குருதி அயல்நாட்டுக் குளிர்பெட்டிகளில் உறைந்து கிடப்பதை அறிந்தபோது அவர்கள் பட்ட துயரம் பெரிது. நெடுங்காலம் போராடியபின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குப்பிகள் அவர்களிடம் மீண்டன. 2015 ஏப்ரலில் பிரேசிலின் தோத்தோத்தோபி பகுதியில் அவர்கள் காட்டு மண்ணில் குழி தோண்டி அக்குருதியை ஊற்றி மூடினர். அதே பகுதியில் தட்டம்மைக்குத் தாயைப் பறிகொடுத்த சிறுவன் ஒருவனே இன்று யானோமாமிகளின் தலைவராக உலகறியும் டாவி கோபெனாவா.

குருதி மீண்டது, உருவம் மீளவில்லை. அப்படங்களில் சிரித்தும் சினந்தும் நிற்போருள் பலர் இன்றில்லை. இறந்தவரின் சுவடு ஒன்றும் எஞ்சலாகாது என்னும் மரபினருக்கு, அச்சுருள்கள் இருப்பதே ஓர் ஆறாத புண்.

இங்கு கிளாடியா அந்துஜாரின் பணியையும் எண்ணிப் பார்த்தல் தகும். 1931-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்து டிரான்சில்வேனியாவில் வளர்ந்த இவர், தந்தையையும் தந்தைவழி உறவினரையும் நாஜிகளின் வதைமுகாம்களில் இழந்தவர். பிரேசிலில் குடியேறி, 1971 முதல் யானோமாமிகளை ஒளிப்படங்களில் பதிவு செய்தார். 1980-களின் தொடக்கத்தில் மருத்துவர்களோடு தடுப்பூசிப் பணிக்குச் சென்றபோது, பெயரை வெளியிற் சொல்லாத அம்மக்களை அடையாளங்காணக் கழுத்தில் எண் அட்டை மாட்டிப் படமெடுக்க நேர்ந்தது. சாவுக்கு அடையாளமிடப்பட்டோரின் உறவினராகிய அவர், வாழ்வதற்கு அடையாளமிடுவோராகத் தாமே நின்றார். யானோமாமி நிலம் 1992-இல் சட்டப்படி அவர்கட்கு உரித்தாக்கப்பட்டதில் அவருடைய பல்லாண்டு உழைப்புக்கும் பங்குண்டு.

கருவி கைமாறிய ஆண்டுகள்

1980-களின் நடுவில் வரலாறு திரும்பியது. சுருளைக் கழுவ வேண்டாத வீடியோக் கருவி வந்தது. எடுத்ததை அன்று மாலையே ஊரார் கூடிப் பார்க்கலாயிற்று.

வின்சென்ட் கரேலி என்பவர் 1986-இல் நம்பிக்வாரா மக்களின் ஊரில், பூப்பெய்திய பெண்ணுக்கு எடுக்கும் சடங்கைப் பதிவு செய்து அவர்களுக்கே காட்டினார். படத்தைப் பார்த்த ஊரார்க்கு மனம் நிறையவில்லை. அயலார் உடையைத் தாம் மிகுதியாக அணிந்திருப்பதாகக் குறைப்பட்டனர். மரபுப்படி உடலில் வண்ணம் தீட்டிக்கொண்டு சடங்கை மீண்டும் நடத்தினர். அந்த எழுச்சியில், இருபதாண்டுக்கு மேலாக வழக்கொழிந்திருந்த உதடும் மூக்கும் குத்தும் சடங்கையும் இளைஞர்க்குச் செய்வித்தனர். ஊரார் தம்மைத் தாமே கண்டு திருத்திக்கொண்ட இந்நிகழ்ச்சியிலிருந்தே 'ஊர்களில் வீடியோ' என்னும் இயக்கம் பிறந்தது. 1997 முதல் அது தொல்குடி இளைஞர்க்குப் படக்கலை கற்பிக்கும் பயிலரங்குகளை நடத்தியது.

காயபோ மக்கள் 1985 முதலே கருவியைக் கையிலெடுத்தனர். அதிகாரிகளும் அரசியலாரும் தரும் வாக்குறுதிகளைப் பதிவு செய்துகொண்டனர். எழுத்துச் சான்று காட்டி ஏமாற்றியவர்க்கு உருவச் சான்று காட்டி விடையிறுத்தனர். 1989 பிப்ரவரியில் ஷிங்கு ஆற்றின் குறுக்கே கட்டவிருந்த அணைகளை எதிர்த்து அல்டமிரா நகரில் கூடினர். துயிரா என்னும் பெண் மேடையேறி, மின் நிறுவன அதிகாரியின் கன்னத்தில் தன் வெட்டுக்கத்தியின் தட்டைப் பக்கத்தை அழுத்தினாள். அக்காட்சி உலகெங்கும் பரவியது. திட்டம் அன்று நின்றது. எனினும் பெலோ மொன்டே என்னும் பெயரில் அதே ஆற்றில் அணை எழுந்து 2016-இல் மின்னாக்கம் தொடங்கியது. படம் அணையைத் தள்ளிவைத்தது, தடுத்து நிறுத்தவில்லை. துயிரா 2024-இல் மறைந்தார்.

கரேலியின் 'கொரும்பியாரா' 2009-இல் வெளிவந்தது. ரொண்டோனியா மாநிலத்தில் நிலவுடைமையாளர்களால் அழிக்கப்பட்ட தொல்குடிக் கூட்டமொன்றின் தடயங்களை இருபதாண்டுக் காலம் தேடித் திரிந்த வரலாறே அப்படம். உடைந்த பானையும் இடிந்த குடிலும் எஞ்சியோர் சிலரின் முகமும் அதில் சாட்சிகளாயின. அரானாவுக்காகப் புட்டுமாயோவில் குற்றத்தை மறைக்க எடுத்த படத்துக்கும், குற்றத்தை நிறுவ எடுத்த இப்படத்துக்கும் இடையே ஏறத்தாழ நூறாண்டுத் தொலைவு உள்ளது.

பாட்டே மருந்தாதல்

ஊரார் தம் படத்தைத் தாமே பார்த்த அதே 1986-இல், சூன் திங்களில், அமெரிக்கர் ஒருவர்க்கு அயவாஸ்காக் கொடியின் வகையொன்றின் மீது அந்நாட்டரசு காப்புரிமை வழங்கியது. ஈக்வடாரில் ஒரு தோட்டத்திலிருந்து பெற்ற கொடி அது. பல தலைமுறைகளாகப் புனிதமெனப் போற்றிய செடிக்கு அயலவர் உரிமை கொண்டாடுவதை அமேசான் தொல்குடி அமைப்புகளின் கூட்டவை எதிர்த்தது. 1999-இல் காப்புரிமை தள்ளுபடியாகி, 2001-இல் மீண்டும் உயிர்பெற்று, 2003-இல் காலாவதியாயிற்று.

அக்கொடியை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் பெரும்பயன் காண முடியாது. காட்சி தரும் சத்து சக்ருனா என்ற வேறொரு செடியின் இலையில் உள்ளது. தனியே உட்கொண்டால் குடலும் ஈரலும் அதனை அழித்துவிடும். கொடியிலுள்ள சத்து அவ்வழிவைத் தடுக்கிறது. எண்ணற்ற செடிகளுள் இவ்விரண்டை இணைத்தறிந்த அறிவு யாருடையது என்று கேட்டால், செடிகளே கற்பித்தன என்பது அம்மக்களின் விடை.

பெரு நாட்டு உக்காயலி ஆற்றங்கரையில் வாழும் ஷிப்பிபோ மருத்துவர்க்கு மூலிகை பாதி, பாட்டு பாதி. விரதமிருந்து ஒரு செடியை உட்கொண்டால் அதன் பாட்டு கனவில் வந்து அமையும் என்பர். 'ஈக்கரோ' எனப்படும் அப்பாட்டைப் பாடாமல் நோயாளிக்குச் சாறு தருவதில்லை. பெரு அரசு 2008-இல் அயவாஸ்கா பற்றிய மரபறிவைத் தன் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. ஆய்வுக்கூடத்தில் சத்தைப் பிரித்தெடுக்கலாம். பாட்டைப் பிரித்தெடுக்க வழியில்லை. கவிதையை உயிரெனக் கருதுவோர்க்கு இது விளக்கம் வேண்டாத உண்மை.

அப்பாட்டு மறையும் அச்சமே தொல்குடிக் கலைஞர் பலரின் படங்களுக்குக் கருவாயிற்று. குய்குரோ குடியினரான தக்குமா, லியோனார்டோ செட்டே, கார்லோஸ் ஃபாவ்ஸ்டோ மூவரும் சேர்ந்து எடுத்த 'பெரும்பெண்டிர்' 2011-இல் வெளிவந்தது. தன் மூத்த மனைவி இறந்துவிடுவாளோ என அஞ்சும் முதியவர், அவள் இறுதியாக ஒருமுறை பாடவேண்டும் என்பதற்காகப் பெண்களின் பெருவிழாவை எடுக்கச் சொல்கிறார். எல்லாப் பாட்டும் அறிந்த ஒரே பாடகியோ நோயுற்றுக் கிடக்கிறாள். ஊர்ப்பெண்கள் தவறித் தவறிப் பாடிப் பழகுகின்றனர். கணவன்மாரை எள்ளிச் சிரிக்கின்றனர். அயலார் படங்களில் கூத்து என்று மட்டும் தெரிந்தது, இங்குப் பிரிவச்சமாகவும் கேலியாகவும் காதலாகவும் விரிகிறது. ஹூனி குயின் குடியைச் சேர்ந்த செசின்யோ யூபே 2008-இல் எடுத்த படத்துக்கு 'நான் உருவாகிவிட்டேன்' என்று பொருள்படும் பெயர். இரப்பர்க் காலத்து அடிமை வாழ்வையும் இன்றைய மீட்சியையும் அம்மக்களே அதில் கூறுகின்றனர்.

இதே ஹூனி குயின் மக்களின் முதுமருத்துவர் அகுஸ்தின்யோ, தம் மூலிகையறிவு நூலாக வேண்டும் என விரும்பினார். 109 செடிகளை விளக்கும் அந்நூல் 2014-இல் வெளிவந்தது. அவர் 2011-இலேயே மறைந்துவிட்டார். பெருவின் மாட்செஸ் மக்கள் வேறு வழியை மேற்கொண்டனர். முதுமருத்துவர் ஐவர் சொல்ல 2015-இல் நிறைவுற்ற ஐந்நூறு பக்க மருத்துவக் களஞ்சியம் அவர்தம் மொழியில் மட்டுமே அமைந்தது. அயலார் கவர்ந்து கொள்ளாதிருக்க அதனை மொழிபெயர்க்கலாகாது என முடிவு செய்தனர். நூல்கள் யாவும் உலக மொழிகளுக்குச் செல்ல வேண்டும் என விழையும் இலக்கியவாணர்க்கு இம்முடிவு புதிராகத் தோன்றலாம். மமானியின் விதைகள் சென்ற வழியை அறிந்தோர்க்குத் தோன்றாது.

தமிழகமும் கேரளமும் சந்திக்கும் அகத்தியமலைச் சாரலிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி நடந்தது. 1987-இல் ஆய்வாளர்க்கு வழிகாட்டிச் சென்ற காணிக்காரர் மலையேறியும் களைப்புறாமல் இருந்தமைக்கு ஆரோக்கியப்பச்சை என்னும் செடியின் காயே காரணம் எனத் தெரிந்தது. அதிலிருந்து உருவான மருந்தின் உரிமத் தொகையில் பாதி காணிக்காரர்க்கு என ஒப்புக்கொள்ளப்பட்டு, 1997-இல் அறக்கட்டளை ஏற்பட்டது. குறைகள் பல சுட்டப்பட்டபோதும், அறிவைத் தந்தவர்க்குப் பங்கு உண்டு என ஏற்ற முன்னோடி முயற்சிகளுள் அது ஒன்று. மரபறிவின் மூலத்தைக் காப்புரிமை விண்ணப்பத்தில் வெளிப்படுத்த வேண்டும் என்னும் பன்னாட்டு உடன்படிக்கை 2024 மே திங்களில்தான் நிறைவேறியது.

நிறைவாக

யானோமாமி இளைஞர் மொர்சானியல் இராமாரி 2014-இல் எடுத்த படத்தின் பெயர் 'காட்டுநிலத்தை நலமாக்குவோர்' எனப் பொருள்படும். அதில் பல ஊர்ச் சாமியாடிகள் கோபெனாவாவின் ஊரில் கூடுகின்றனர். மரப்பட்டைப் பொடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, ஷப்பிரி என்னும் காட்டுத் தெய்வங்களை அழைக்கின்றனர். நோயுற்ற நிலத்துக்கு மருத்துவம் பார்க்கின்றனர். 1973 ஆம் ஆண்டுப் படத்தில் பகைவரைக் கொல்லப் பயன்பட்டதாகக் காட்டப்பட்ட அதே வகைப் பொடி, அதே ஆட்டம். சேக்னன் பதிவு செய்தது பொய்யன்று. ஆனால் உலகைத் தாங்கும் பணியும் அச்சாமியாடிகளுடையது என்பதைக் கூற, அவர்களுள் ஒருவன் கருவியை ஏந்த வேண்டியிருந்தது.

நிலத்தின் நோய் இன்னும் தீரவில்லை. தங்கம் தோண்டுவோர் ஆறுகளில் கலந்த பாதரசமும், அவர்கள் கொண்டுவந்த மலேரியாவும், பட்டினியும் பெருகியமையால் 2023 சனவரியில் பிரேசில் அரசு யானோமாமி நிலத்தில் நலவாழ்வு நெருக்கடியை அறிவிக்க நேர்ந்தது. ஆண்டீஸ் மலைக்காடு உலகுக்கு ஈந்தது மலேரியா மருந்து. உலகு அமேசான் காட்டுக்குள் கொண்டு வந்து விட்டது மலேரியா.

ஒரு நூற்றாண்டுக் காலம் அயலார் திரட்டிய கருப்பொருளின் பயனை மறுக்க வேண்டியதில்லை. தம் பாட்டனார் ஆடிய ஆட்டத்தைப் பழஞ்சுருளில் கண்டு பெயரன் கற்றுக்கொள்வதும் நிகழ்கிறது. ஆயினும் உரிப்பொருள், அந்நிலத்தில் வாழ்ந்து, அந்நிலத்தை இழக்க அஞ்சுவோர் வாயிலிருந்தே வரும். நோயுற்ற குய்குரோப் பாடகி எழுந்து வந்து, தவறாகப் பாடும் இளம்பெண்களுக்கு அடுத்த அடியை எடுத்துக் கொடுக்கும் அந்த நொடிக்காகவே அக்காட்டில் இன்று கருவிகள் காத்திருக்கின்றன.